சொந்த பேக்கேஜ், பல சர்வர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "சர்வரிலேயே உட்கார்ந்து கம்பைல் பண்ணுகிற பழக்கத்தை விடுங்கள், பேக்கேஜாகக் கட்டிக் கொடுங்கள்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (கம்பைல் என்றால் மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றுவது, பேக்கேஜ் என்றால் அப்படி மாற்றிய கோப்புகளையும் அவற்றின் விவரங்களையும் ஒரே கட்டாகக் கட்டியது.) அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பாதிப் பேர் எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். எழுதியவர்களில் பெரும்பாலோர் டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் ஆட்கள் என்பதால் பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், ரெட்ஹேட் என்ற இன்னொரு லினக்ஸ் குடும்பத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்களிடம் 14 சர்வர், எல்லாம் டெபியன் 12. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் எங்களுக்கு ஒரு கூடுதல் மாட்யூல் (இணைப்பு நிரல்) தேவை. அதனால் ஒவ்வொரு சர்வரிலும் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி 'மேக் இன்ஸ்டால்' கொடுத்துவிடுகிறோம். இரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது. இதைப் போய் எதற்கு பேக்கேஜாக்க வேண்டும் சார்?
- ஓசூர் வாசகர்

ஓடுகிறது, சரி. 14 சர்வரிலும் ஒரே பதிப்புதான் ஓடுகிறதா? ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏதோ ஒரு சர்வர் அவசரத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றப்பட்டிருக்கும், அதில் மட்டும் ஒரு ஆப்ஷன் விட்டுப்போயிருக்கும், அதை ஏற்றியவர் இப்போது வேறு கம்பெனியில் இருப்பார். 'மேக் இன்ஸ்டால்' கோப்புகளை ஆங்காங்கே போட்டுவிட்டுப் போய்விடும், எதை எங்கே போட்டது என்று எங்கும் எழுதி வைக்காது. டெபியனில் பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி அப்படியில்லை, பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை மாதிரி, எந்தக் கோப்பு எந்த பேக்கேஜோடு வந்தது, எந்தப் பதிப்பு, எதை நம்பி நிற்கிறது என்று பேரேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். நாளை எடுத்துவிடு என்றால் தான் வைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். 14 சர்வரில் என்ன இருக்கிறது என்று ஒரே கட்டளையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதும் அந்தப் பேரேட்டால்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் சொல்ல வந்தது வேறு. என்ஜின்எக்ஸ் முழுவதையும் நீங்கள் கட்டவே வேண்டாம். 2016-ல் வந்த 1.9.11 பதிப்பிலிருந்தே மாட்யூலைத் தனிக் கோப்பாகக் கட்டி, ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. (உங்கள் மாட்யூல் அந்த முறைக்கு ஒத்துவருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது பெரும்பாலானவை ஒத்துவரும்.) டெபியன் 12-ல் இதற்கென்றே என்ஜின்எக்ஸ்-டெவ் என்று ஒரு பேக்கேஜ் தருகிறார்கள், அதை வைத்து உங்கள் மாட்யூலை மட்டும் ஒரு குட்டி பேக்கேஜாகக் கட்டுங்கள். மாட்யூல் எந்தப் பதிப்புக்குக் கட்டப்பட்டதோ அந்தப் பதிப்பில்தான் ஏறும், வேறு பதிப்பு என்றால் என்ஜின்எக்ஸ் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். டெபியன் 12-ல் அது 1.22.1. டெபியன் ஸ்டேபிளில் பாதுகாப்பு ஓட்டை அடைக்கும்போது புதுப் பதிப்புக்குத் தாவாமல், அதே 1.22.1-க்குள் அடைப்பை மட்டும் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம், அதனால் எண் மாறாது, உங்கள் மாட்யூலும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்ஜின்எக்ஸின் ஓட்டைகளை அடைக்கும் தலைவலி டெபியன்காரர்களோடு போய்விடும், உங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சின்ன கோப்பு. இப்போது நீங்கள் செய்கிற முறையில் என்ஜின்எக்ஸின் ஒவ்வொரு ஓட்டைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. இரண்டு வருடத்தில் எத்தனை முறை மறுபடி கம்பைல் செய்தீர்கள்? ஒரு முறைகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஒரு பேக்கேஜை எடுத்து, அதில் சின்ன மாற்றம் செய்து, பதிப்பு எண்ணுக்குப் பின்னால் எங்கள் கம்பெனியின் அடையாளத்தைச் சேர்த்து, எங்கள் ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) வைத்தேன். எல்லா சர்வரிலும் ஏறிவிட்டது. பிறகு டெபியனில் அந்த மென்பொருளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்தது, எங்கள் சர்வர் எதிலும் அது ஏறவில்லை. சரி என்று அந்தப் புது சோர்ஸை எடுத்து நானே மறுபடி கட்டி வைத்தேன். அதுவும் ஏறவில்லை! ரெப்போவிலிருந்து பேக்கேஜை இறக்கும் ஆப்ட் 'எல்லாம் புதுசாகத்தான் இருக்கிறது' என்கிறது. தலை சுற்றுகிறது.
- கோவை வாசகி

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இது, ஏனென்றால் நானும் இதே குழியில் விழுந்திருக்கிறேன். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருந்த பெயர்களை மாற்றிவிட்டு உதாரணமாகச் சொல்கிறேன், எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்தாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெபியனில் இருந்தது 2.4-3. நீங்கள் வைத்த பெயர் 2.4-3+எஸ்ஆர்வி1. டெபியன் 12-க்கு வந்த பாதுகாப்பு அப்டேட்டின் பெயர் 2.4-3+டெப்12யு1. இந்த இரண்டில் எது புதியது? மனிதரைக் கேட்டால் தேதி பார்த்துச் சொல்வார். டிபிகேஜி தேதி பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். 2.4-3+ வரை இரண்டும் ஒன்று, அதற்கு அடுத்து ஒன்றில் 'டி', மற்றதில் 'எஸ்'. ஆங்கில அகரவரிசையில் 'எஸ்' பின்னால் வருகிறது, ஆகவே உங்களுடையதே புதியது, அப்டேட் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது, ஒரு எச்சரிக்கை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. அப்புறம் நீங்கள் மறுபடி கட்டியபோது என்ன பெயர் வைத்திருப்பீர்கள்? 2.4-3+டெப்12யு1+எஸ்ஆர்வி1, சரிதானே? அதுவும் அதே இடத்தில் 'டி'-யில் தொடங்குவதால் ஏற்கெனவே சர்வரில் இருக்கும் உங்கள் பழைய பேக்கேஜைவிடப் பழையதாகிவிட்டது. நீங்களே கட்டிய திருத்தத்தை நீங்களே வைத்த பெயர் தடுத்து நிறுத்திவிட்டது.

இப்போதைக்கு அவசர வைத்தியம்: 2.4-3+எஸ்ஆர்வி2 என்று பெயர் வைத்து இன்றைக்கே ஏற்றுங்கள். இனிமேல் வேறு பேக்கேஜ்களைக் கட்டும்போது, பிளஸ் குறிக்கு அடுத்து முதலில் ஒரு பூஜ்ஜியம் போட்டு, 2.4-3+0எஸ்ஆர்வி1 என்று வையுங்கள். டிபிகேஜி எழுத்துகளையும் எண்களையும் தனித்தனித் துண்டாக ஒப்பிடுகிறது. பிளஸுக்குப் பிறகு எண் வந்தால் அந்த எழுத்துத் துண்டு அங்கேயே முடிந்துவிடும், முடிந்த துண்டு 'டெப்' என்று நீளும் துண்டைவிடச் சின்னது. அதனால் உங்களுடையது 2.4-3-ஐவிடப் பெரியது, பாதுகாப்பு அப்டேட்டைவிடச் சிறியது, இரண்டுக்கும் நடுவில் போய் ஒழுங்காக உட்காரும்.

சில பேர் பிளஸுக்குப் பதில் ~ குறி போடுவார்கள். அந்தக் குறி எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கும், வெறுமைக்கும் முன்னால். 2.4-3~எஸ்ஆர்வி1 என்றால் டெபியனின் 2.4-3-ஐவிடவே பழையது, ஏற்றிய மறுநாள் டெபியனுடையது வந்து உங்களுடையதைத் தள்ளிவிடும். அந்தக் குறியை இன்னும் வெளிவராத சோதனைப் பதிப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண்ணுக்கு முன்னால் '1:' என்று போடும் வழி ஒன்றும் இருக்கிறது, எல்லாச் சண்டையையும் ஒரே அடியில் ஜெயித்துவிடும். தொடாதீர்கள். ஒரு முறை போட்டால் அந்த பேக்கேஜ் உள்ளவரை அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்.

பூஜ்ஜியம் போட்டதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் வந்த ராத்திரி, தானாக அப்டேட் ஆகும் சர்வரில் உங்கள் மாற்றம் இல்லாத டெபியன் பேக்கேஜ் ஏறிவிடும். அதைத் தடுக்க ஆப்டின் முன்னுரிமைக் கோப்பில் உங்கள் ரெப்போவுக்கு 990 கொடுங்கள். சாதாரண ரெப்போவுக்கெல்லாம் 500 என்பதால் உங்களுடையதே நிற்கும். 1000-மோ அதற்கு மேலோ கொடுத்தால் பழைய பதிப்புக்கு இறக்கவும் தயங்காது, அது வேண்டாம். ஆனால் 990 கொடுத்த நொடியிலிருந்து அப்டேட் வந்ததைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துவிட்டு, அதோடு தினமும் காலையில் இரண்டு ரெப்போவின் பதிப்பையும் ஒப்பிட்டு உங்களுக்கு எழுதும் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்றையும் போடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் இல்லாமல் 990 போடுபவர்களை எனக்குத் தெரியும், 'ஹோல்டு' (இந்த பேக்கேஜைப் புதுப்பிக்காதே என்ற கட்டளை) போட்டுவிட்டு மறந்து போகிறவர்களின் அண்ணன் தம்பிகள் அவர்கள்.

டெபியன் முறையில் பேக்கேஜ் கட்டக் கற்றுக்கொள்ள நேரம் இல்லை. சுலபமாக பேக்கேஜ் கட்டித் தரும் எஃப்பிஎம் கருவி போதுமா?
- சேலம் வாசகர்

ஒரு ஃபோல்டரை அப்படியே .டெப் ஆக்க வேண்டும், உங்கள் கம்பெனியின் சொந்த மென்பொருள், வெளியே போகப் போவதில்லை என்றால் தாராளமாகப் போதும். எதை நம்பி நிற்கிறது என்ற பட்டியலை மட்டும் நீங்களே கையால் சரியாகக் கொடுங்கள், அது தானாகக் கண்டுபிடித்துத் தராது.

என் லேப்டாப்பில் உபுண்டு 24.04. அதில் கட்டிய பேக்கேஜ் 20.04 சர்வரில் ஏறிவிட்டது, ஓடவில்லை. 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்கிறது. நான் 2.34 எதையுமே பயன்படுத்தவில்லையே அண்ணா?
- திருநெல்வேலி, கல்லூரி மாணவர்

நீங்கள் பயன்படுத்தவில்லை தம்பி, உங்கள் நிரல் தொடங்கும் முதல் அடியே பயன்படுத்துகிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் சி நிரல்கள் நம்பி நிற்கும் அடிப்படை லைப்ரரி, அதன் 2.34 வந்தது 2021 ஆகஸ்ட். அதுவரை தனியாக இருந்த த்ரெட் லைப்ரரியை அந்தப் பதிப்பில் முதன்மை லைப்ரரிக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தார்கள், அப்போது எந்த நிரலும் தொடங்கும்போது கூப்பிடுகிற ஒரு அடிப்படைச் செயற்கூற்றுக்கும் புதுப் பதிப்பு முத்திரை குத்தினார்கள். அதனால் 2.34-லோ அதற்கு மேலோ கட்டிய சி நிரல், வணக்கம் சொல்வதைத் தவிர வேறு எதுவும் செய்யாவிட்டாலும், 2.34 இருந்தால்தான் கண்ணையே திறக்கும். உங்கள் 24.04-ல் இருப்பது 2.39, சர்வரின் 20.04-ல் 2.31. பழையதில் கட்டினால் புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது.

நியாயமாகப் பார்த்தால் உங்கள் பேக்கேஜ் ஏறியிருக்கவே கூடாது, 'இதற்கு ஜிலிப்சி 2.34 வேண்டும்' என்று டிபிகேஜி வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை என்றால் நீங்களும் சேலம்காரர் கேட்ட குறுக்கு வழியில் கட்டி, அந்தப் பட்டியலைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

லேப்டாப்பில் கட்டுவதை விட்டுவிடுங்கள். எஸ்பில்டு என்று ஒரு கருவி இருக்கிறது, டெபியன்காரர்களே அதில்தான் கட்டுகிறார்கள். கேட்ட பதிப்புக்கு வெறும் அடிப்படை அமைப்பை மட்டும் வைத்து ஒரு தனி அறை போட்டு, நீங்கள் பட்டியலில் சொன்ன பொருட்களை மட்டும் உள்ளே கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அறையை இடித்துவிடும். லேப்டாப்பில் என்றைக்கோ நிறுவிய லைப்ரரி ஒன்று சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்வதும் அதோடு நிற்கும். ரெட்ஹேட் பக்கம் இதே வேலைக்கு மாக் இருக்கிறது. சர்வர்களில் இரண்டு விதமான பதிப்பு இருந்தால் இரண்டு அறை, இரண்டு பேக்கேஜ், சோம்பல் படாதீர்கள்.

ஆபீஸுக்குள் மட்டும் இருக்கும் ரெப்போ. வெளியாள் யாரும் வர முடியாது. டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் வேண்டுமா? கையொப்பம் பார்க்காமல் நம்பு என்று ஆப்டுக்குச் சொல்லும் 'டிரஸ்டட் எஸ்' போட்டால் வேலை முடிந்துவிடுகிறதே.
- சென்னை வாசகர்

வேண்டும். ஆபீஸுக்குள் வர முடியாதவன் ஒருநாள் வருவான் என்று வைத்துக்கொண்டுதான் சர்வர் நடத்த வேண்டும், வந்துவிட்டால் உங்கள் ரெப்போ அவனுக்கு எல்லா சர்வருக்கும் ரூட் (முழு) உரிமையோடு போகிற நல்ல தார்ச்சாலை. ஆப்ட்லியோ ரெப்ரெப்ரோவோ வைத்து ரெப்போ அமைத்தால் கையொப்பம் போடுவது ஐந்து நிமிட வேலை. டெபியன் முறையில் ஒவ்வொரு பேக்கேஜிலும் கையொப்பம் இருக்காது, ரெப்போவின் தலைக்கோப்பில் ஒரே கையொப்பம், அதற்குள் பட்டியல்களின் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்), பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் என்று சங்கிலியாகப் போகும். ரெட்ஹேட் பக்கத்து ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பேக்கேஜிலும் தனித்தனியாகப் போடுவது வழக்கம்.

ஆனால் கையொப்பச் சாவிக்குக் காலாவதித் தேதி போடுகிறீர்கள் என்றால் அதைச் சுவர் நாள்காட்டியில் எழுதி வையுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நானே இரண்டு வருடத்துக்குப் போட்டேன், நானே மறந்தேன். காலாவதியானால் எல்லாம் நின்றுபோகும், ஊரே கூடிவிடும் என்று நினைப்போம். அப்படி நடந்திருந்தால் பரவாயில்லையே. ஆப்ட் ஒரு எச்சரிக்கையை எழுதிவிட்டு, 'பழைய பட்டியலையே வைத்துக்கொள்கிறேன்' என்று தன் போக்கில் போய்விட்டது. அந்த எச்சரிக்கை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானிலிருந்து யாரும் திறக்காத ஒரு அஞ்சல்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் புதுப் பேக்கேஜ்களாகக் கட்டி ரெப்போவில் வைத்துக்கொண்டே இருந்தோம், மூன்று மாதத்துக்கு ஒரு சர்வருக்கும் போகவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் போன் வந்துதான் தெரிந்தது, கரும்பைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

மென்பொருளையும் அதற்கு வேண்டியதையும் ஒரே இமேஜாகக் கட்டித் தரும் டோக்கர் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு?
- ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

உங்கள் இமேஜுக்குள் இருக்கும் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) எந்தப் பதிப்பு, அதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? வெளியே சர்வரில் ஆப்ட் அப்டேட் கொடுத்தால் உள்ளே இருப்பது மாறாது. ஆக டோக்கரிலும் அதே பாடுதான், இடம்தான் மாறுகிறது.

எங்களுக்குத் தேவையான ஒரு திருத்தத்தை மூல மென்பொருள்காரர்கள் ஏற்க மறுக்கிறார்கள். நாங்களே பேட்ச் போட்டு பேக்கேஜ் கட்டிக்கொள்ளலாமா? மேலும் எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு வெளியிலிருந்து வரும் சோர்ஸை எப்படி நம்புவது?
- மதுரை வாசகர்

இரண்டு கேள்வி, இரண்டுக்கும் ஒவ்வொரு கதை.

முதல் கதை டெபியனில் நடந்தது. 2006-ல் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், ஒரு சோதனைக் கருவி கொடுத்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக நல்ல எண்ணத்தில் ஓரிரு வரிகளை எடுத்துவிட்டார்கள். அந்த வரிகள்தான் சாவி உருவாக்குவதற்கான கணிக்க முடியாத தன்மையைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தன. அதை எடுத்த பிறகு மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும், அதாவது 32,768 வாய்ப்புகள். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் உருவான எஸ்எஸ்எச் சாவிகளை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சாவிகளை) உட்கார்ந்து எண்ணிவிடலாம் என்ற நிலை. டெபியன்காரர் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து 2008 மே மாதம் அறிவிப்பு வரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. பேக்கேஜ் கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இது நடந்தது. ஆகவே பேட்ச் போடலாம், ஆனால் கிரிப்டோ பக்கம் மட்டும் கையை நீட்டாதீர்கள். ஒவ்வொரு பேட்சையும் தனிக் கோப்பாக வைத்து, ஏன் போட்டோம், மூலத்துக்கு அனுப்பினோமா, என்ன சொன்னார்கள் என்று அதன் தலையிலேயே எழுதுங்கள். மூல ஆட்கள் ஏற்க மறுத்தார்கள் என்கிறீர்கள், ஏன் என்று ஒரு முறை பொறுமையாகப் படித்தீர்களா? எனக்கு மறுத்த மூன்று முறையில் இரண்டு முறை அவர்கள் சொன்னதுதான் சரி.

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் கதை 2024 மார்ச் 29-ல் வெளியே வந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் தோண்டியபோது, 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்வாசல் இருந்தது. அந்தப் பின்வாசலைக் கட்டுமானத்துக்குள் இழுத்துவிடும் கோப்பு, மூல நிரலை வைத்திருக்கும் 'கிட்' களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் (ஒரே கட்டாகக் கட்டிய கோப்பில்) மட்டும்தான் இருந்தது. நம் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த நிரல், தான் ஒரு டெபியன் பேக்கேஜாகவோ ஆர்பிஎம்மாகவோ கட்டப்படுகிறேனா என்று பார்த்து, அப்படியென்றால் மட்டுமே வேலையைத் தொடங்கியது. சும்மா கையால் கம்பைல் செய்து பார்க்கிறவர் கண்ணில் படக்கூடாது, பேக்கேஜ் கட்டுகிறவர் வழியாக ஆயிரக்கணக்கான சர்வருக்குப் போக வேண்டும் என்பது திட்டம். ஆகவே முடிந்தவரை கிட்டிலிருந்து, கையொப்பமிட்ட டேக்கிலிருந்து (பதிப்புக் குறியிலிருந்து) எடுங்கள். டார் கோப்புதான் என்றால் கிட்டோடு ஒப்பிட்டு, கூடுதலாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கட்டும்போது இணையத்தைத் துண்டித்து வையுங்கள். வெளியான மறுநாளே புதுப் பதிப்புக்குத் தாவாதீர்கள், அந்த முறை டெபியன் ஸ்டேபிளில் இருந்தவர்களைத் தப்பவைத்தது அவர்கள் பழையதிலேயே இருந்ததுதான்.

பல சர்வரை ஒரே இடத்திலிருந்து இயக்கும் அன்சிபிள் வைத்து 20 சர்வரில் அப்டேட் கொடுத்தால் நாலைந்தில் மட்டும் தொங்கி நிற்கிறது.
- யாழ்ப்பாணம் வாசகர்

அந்த நாலைந்தில் யாரோ கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைக் கையால் திருத்தியிருக்கிறார்கள். புதுப் பேக்கேஜிலும் அந்தக் கோப்பு மாறி வந்தால், உங்களுடையதை வைக்கட்டுமா எங்களுடையதை வைக்கட்டுமா என்று டிபிகேஜி கேட்கும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பழையதையே வை என்று சொல்ல 'ஃபோர்ஸ் கான்ஃப்டெஃப்', 'ஃபோர்ஸ் கான்ஃபோல்டு' என இரண்டு ஆப்ஷன் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். (ஆர்பிஎம் கேட்கவே கேட்காது, பக்கத்தில் இன்னொரு கோப்பை வைத்துவிட்டுப் போய்விடும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.) இதைவிட நல்லது, பேக்கேஜோடு வரும் கோப்பைத் தொடாமல் உங்கள் மாற்றங்களைக் கூடுதல் ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைப்பது. அப்புறம் ஒரு விஷயம், 20-க்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். இரண்டுக்குக் கொடுங்கள், ஒரு நாள் பொறுங்கள், மீதியை மறுநாள் பார்க்கலாம்.

அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். எட்டு வருடத்தில் நான் கட்டிய பேக்கேஜ்கள் 31. புதிதாக வருபவருக்கு எப்படி ஒப்படைப்பது?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

முதலில் 31-ஐக் குறையுங்கள் அம்மா. எட்டு வருடத்துக்கு முன்னால் டெபியனில் பழைய பதிப்பு இருந்தது என்பதற்காகக் கட்டியவை பாதிக்கு மேல் இருக்கும், இன்றைக்கு டெபியனிலேயே அதைவிடப் புதியது கிடைக்கும். அவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு சர்வரிலும் நிறுவப்படாதவை சில இருக்கும், அவற்றையும். மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றின் சேஞ்ச்லாகிலும் (மாற்றக் குறிப்பிலும்) இதை ஏன் நாம் கட்டுகிறோம் என்று ஒரே ஒரு வரி சேருங்கள். ஏன் என்று உங்களுக்கே ஞாபகம் வரவில்லை என்றால் அதையும் எடுத்துவிடலாம்.

பிறகு புதியவரை உட்கார வைத்து, நீங்கள் அறையில் இல்லாமல், மிகச் சிக்கலான ஒன்றை அவரையே கட்டி, கையொப்பமிட்டு, ஒரு சோதனை சர்வரில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதி வைக்காமல் விட்டதெல்லாம் அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். கையொப்பச் சாவி உங்கள் சொந்த லேப்டாப்பில் இருக்கிறதா? இருக்கும். இந்த வாரமே மாற்றுங்கள். 31-ல் எத்தனை மிஞ்சியது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.